கழித்துக்கொள்ளச் சொன்னோம்

என் தம்பிக்குப் பொறுமை அதிகம். எனக்கு அது கிடையாது. தேனியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் இந்த விஷயத்தில் அவனுடைய பொறுமைதான் எங்கள் இருவரையும் கவிழ்த்தது.

அவன் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவன். காயைப் போடியில் ஏலத்துக்கு விடுவான். ஏலம் முடிந்த அன்றே காசு கைக்கு வராது. இரண்டு வாரம் ஆகும், சில சமயம் மூன்று. எங்கள் வீடுகளில் யாரும் அதைத் தாமதம் என்றே சொல்வதில்லை.

அதனால்தான், போனில் ஏதோ ஓர் ஆன்லைன் கேசினோவில் ஆடி நான்கு லட்சம் ஜெயித்து, அதைக் கிரிப்டோவாக எடுக்கக் கேட்டபோது, திரையில் 'பெண்டிங்' என்று வந்தும் அவன் பதறவில்லை. "வரும்க்கா. ஏலக்கா காசு மாதிரித்தான்" என்றான். ஆறு வாரம் அப்படியே இருந்தான். மகளை நர்சிங் கல்லூரியில் சேர்க்க அந்தப் பணம்தான் என்று முடிவே கட்டிவிட்டான்.

பிறகு சரிபார்ப்புக் கட்டணம் கேட்டார்கள். கட்டினால் பணத்தை விடுவித்துவிடுவார்களாம். அந்த முதல் கட்டணம் என் பணம். திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன், ஆனாலும் கொடுத்தேன். திரையில் இருந்த நான்கு லட்சத்தை நானும் பார்த்திருந்தேனே. அடுத்து வரி என்று கேட்டார்கள். அதை அவன் கட்டினான். அவன் ஆடியதே சட்டம் தடை செய்த ஆட்டம், போலீசில் போய் எப்படிச் சொல்ல?

மூன்றாவது தடவை கேட்டபோது, விலை ஏறட்டும் என்று வைத்திருந்த இரண்டு மூட்டை ஏலக்காயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மகள் படிப்புக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டப் போகிறானாம்.

"இன்னும் எதுக்குலே கட்டணும்?"

"கமிஷன்க்கா. எங்கனதான் கமிஷன் இல்ல? ஏலத்துல கேக்கலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைக்க இத்தனை நாள் ஆனதே என்று இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம்.

"ஏலத்துல கமிஷன உங்கிட்ட வாங்கிட்டா காசு குடுக்குறாக? உன் காசுல கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுக்குறாக. இவுகளையும் அந்த நாலு லட்சத்துல கழிச்சுக்கச் சொல்லு."

அவன் போனை எடுத்தான். பிறகு ஜீப்பில் உட்கார்ந்தபடியே அப்படியே எழுதி அனுப்பினான். கிரிப்டோ அனுப்பியிருந்தால் அதற்கு ஓர் எண் விழும், அந்த எண்ணைப் போட்டுப் பணம் உண்மையிலேயே போனதா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் விசாரித்து வைத்திருந்தேன். அதையும் கேட்கச் சொன்னேன்.

உடனே பதில் வந்தது. கழித்துக்கொள்ள வழியில்லை, மாலைக்குள் கட்ட வேண்டும். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு தடவை படித்தான். கண் கலங்கிவிட்டது. "அப்ப ஜெயிச்சதே பொய்யாக்கா?" என்றான். கட்டிய பணத்தைவிட அதுதான் அவனுக்கு வலித்தது. மழையிலும் விலையிலும் எத்தனையோ வருடம் தோற்றவன், ஒரு தடவையாவது ஜெயித்தேன் என்று நினைத்திருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

போகும்போது, "அந்த கேசினோ பாஸ்வேர்ட மாத்தி நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் தராத" என்றான். மூட்டைகள் அவனோடு திரும்பின. நல்ல விலை வந்தபோது விற்று மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டான். பாஸ்வேர்டை இன்றுவரை கேட்கவில்லை.

நான்தான் அந்தக் கணக்கை வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். திரையில் நான்கு லட்சம் அப்படியே இருக்கிறது. நேற்று கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று வந்திருந்தது. மூடி வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.