உப்புக்கு ஒரு ஜோடி

உங்கள் அப்பா கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனார் என்று தெரியுமா? எனக்கு அன்று தெரிந்திருந்தது. விடிகாலையில். மத்தியானம் ஆகியும் அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை.

நான் அப்போது பி.எஸ்.சி. கடைசி வருஷம். அம்மா ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். முந்தின நாள் தின்ற பானிபூரி அவர் வயிற்றைப் புரட்டிப் போட்டிருந்தது. பேதி நிற்கவில்லை. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தார். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போனது. அன்று பார்த்து பந்த். தெருவில் ஒரு ஆட்டோ இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஓ.ஆர்.எஸ். குடு. ஒரு லிட்டர் தண்ணில முழு பாக்கெட். கொஞ்சம் கொஞ்சமா. சாயங்காலத்துக்குள்ள யூரின் போகலன்னா எப்படியாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடு."

"அவருக்கு சுகர் இருக்கே டாக்டர்?"

"தெரியும்பா. அத டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம். மொதல்ல ஒடம்புல தண்ணி நிக்கணும்."

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். ஒரு ஜக்குத் தண்ணீரில் கலக்கி டம்ளரில் ஊற்றி நீட்டினால், ஒரு வாய் வைத்ததும் டம்ளரைத் தள்ளிவிட்டார்.

"இனிக்குதுடா! எனக்கு சுகர்னு தெரியாதா? கொல்லப் பாக்கறியா?"

"டாக்டரேதான் சொன்னாருப்பா."

"அவன் போன்ல ஆயிரம் சொல்லுவான். உப்பு மட்டும் போட்டுக் குடு, போதும்."

"வெறும் உப்பு வேலைக்காகாதுப்பா."

"ஏன் ஆகாது? படிச்ச திமிரா?"

அவருக்கு நாக்கு காய்ந்து வார்த்தை ஒட்டி ஒட்டி வந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே நின்றது, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. குடல், சோடியம், குளுக்கோஸ் என்று பரீட்சைக்குப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, மயக்கமா? பயத்தில் வாய்க்கு வந்ததை உளறினேன்.

"அப்பா, பிரிகேட் ரோடு பப்புல பொண்ணு இல்லாம என்ட்ரி கிடையாது. பசங்க தனியாப் போனா கேட்டுலயே தொரத்திடுவான். ஜோடியாப் போனாதான் உள்ள விடுவான். உன் குடலும் இப்ப அதே கதைதான். உப்பு தனியாப் போனா கதவு தெறக்காது. சர்க்கரை கையப் புடிச்சிகிட்டுப் போனா ரெண்டுத்தையும் விடுவான். அதுங்க பின்னாடியே தண்ணியும் பூந்துடும். இல்லன்னா எல்லாம் வெளியவே ஓடிடும்."

கண் திறந்தது.

"பப்பு கேட்டு விஷயம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஃப்ரெண்டு சொன்னான்."

"எந்த ஃப்ரெண்டு?"

"ஒரு மடக்கு குடி, சொல்றேன்."

முறைத்தார். குடித்தார். நான் ஒரு பெயர் சொன்னேன்.

"அந்த மூஞ்சிக்கு ஜோடி வேறயா? பொய் சொல்லாத. நீ யார்கூடப் போன?"

"இன்னொரு மடக்கு."

மடக்குக்கு ஒரு பதில். பாதி நிஜம், பாதி புருடா. ஜக்கு காலியாகிக்கொண்டே வந்தது, வெளியே வெயிலும் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. யாரிடம் கார் கேட்கலாம் என்று மனசுக்குள்ளேயே தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

விளக்கு போடும் நேரம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பாத்ரூமுக்குள் போனார். நான் கதவில் காதை வைத்து நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்றுக்குப் போகும் சத்தம் கேட்டது. அதோடு உள்ளேயிருந்து குரலும்.

"டேய், அங்க போயி நீ என்ன குடிச்ச?"

"வெளிய வாப்பா. இன்னொரு மடக்கு குடி, சொல்றேன்."