எனக்கு மட்டும் கிடைக்காத சண்டை

என் கணவர் இன்னொருவரோடு சண்டை போடுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் மற்றப் பெண்களுக்கு, கட்டியவன் வேறு ஒருத்தியிடம் சிரித்துப் பேசினால் எரியும். எனக்கு அவர் வேறொருவரிடம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினதுதான் பொறுக்கவில்லை. அதுவும் நிலத்தகராறா, தண்ணீர்த் தகராறா? இல்லை. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு ராக் குழுவின் லைவ் ஆல்பங்களில் எது உசத்தி என்கிற தகராறு.

குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்களுடைய ரசிகர்கள் வாசலுக்கு வந்து ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பார்கள். இளவட்டங்களாகத் தொடங்கியவர்கள் இன்று கிழவர்கள். ஒருவர் உட்கார்ந்துகொண்டுதான் வாசிக்கிறார். ஆனாலும் மேடையை விடவில்லை. அவர்கள் ஸ்டுடியோவில் போட்ட பாட்டுகளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. ஜனங்கள் முன்னால் வாசித்து அப்படியே பதிவு செய்து வெளியிட்டார்களே, அவற்றைப் பற்றித்தான் எல்லாச் சண்டையும்.

எனக்கு அவர்கள் கிடைத்தது பொள்ளாச்சியில். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி அங்கே காலேஜ் போய்க்கொண்டிருந்தேன். சித்தி மகள் கல்யாணத்துக்குச் சினிமாப் பாட்டுப் பதிவு செய்யக் கேசட் கடைக்குப் போனபோது, கடைக்காரர் புது ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கு இவர்களைப் போட்டிருந்தார். சினிமாப் பாட்டை மறந்துவிட்டு அதைப் பதிவு செய்து வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் நல்ல திட்டு விழுந்தது. அது அவர்களுடைய முதல் லைவ் ஆல்பம்.

பெண் பார்க்க வந்த அன்று எங்களைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. டேப் ரெக்கார்டர் மேல் கிடந்த கேசட்டைப் பார்த்தார். "இதுங்களா? இதுக்கடுத்து ரெண்டாவதா ஒரு லைவ் வந்துச்சே, அதக் கேட்டிருக்கறீங்களா? அதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இத முழுசாக் கேட்டிருக்கறீங்களா நீங்க?" என்றேன். கேட்டிருக்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறாரே என்று பொரிந்து தள்ளினேன். அவரும் விடவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தம் போயிற்று என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்னேன்.

அப்படித்தான் முதலமடைக்கு வந்தேன். மாந்தோப்பு, பம்புசெட், காய்ப் பருவத்தில் லாரி, மற்ற நாளில் வெயில். அதற்கு நடுவில் எங்கள் சண்டை. என் கட்சி முதல் ஆல்பம். காரணம் ஒன்றே ஒன்றுதான். அதில் அவர்கள் நிற்பதே இல்லை. ஒரு பாட்டு முடிந்த மூச்சிலேயே அடுத்த பாட்டு விழும். கைதட்டலுக்குக்கூடக் காத்திருக்காத அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். அவர் கட்சி இரண்டாவது ஆல்பம். பெரிய மைதானம், கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும். "ஜனம் பாடாத பாட்டு ஒரு பாட்டா?" என்பார். கல்யாணமான புதிதில் சோறு ஆறுகிற வரைக்கும் சண்டை போட்டிருக்கிறோம். "இவனுக கத்தறது போதாதுன்னு நீங்க வேற" என்று என் மாமியார் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பிறகு எப்போதோ அவர் இறங்கி வர ஆரம்பித்தார். நான் முதல் ஆல்பத்தைப் பற்றி ஆரம்பித்தால், "சரியம்மிணி, உன்னுதுதான் ஒசத்தி" என்று முடித்துவிடுவார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மோட்டார் ஓடுதா, ஆள் வந்தாச்சா, காய் என்ன விலை போகுது, இவ்வளவுதான் பேச்சு.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தார். இடுக்கியில் ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். ஸ்தலமாற்றம் கிடைத்துக் கொல்லங்கோட்டுக்கு வந்திருந்தார். குடும்பம் இன்னும் மலையில்தான் இருந்தது. ஊருக்குக் கொண்டுபோக மாம்பழம் வாங்க எங்கள் தோப்பு ஷெட்டுக்கு வந்தவருடைய போன் அடித்தது. அந்தக் குழுவின் கிட்டார். என் கணவர் கையிலிருந்த பழத்தை அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு, "தம்பி, இது எந்த லைவுல இருந்து எடுத்தது?" என்றார். "கடைசியா வந்ததுலண்ணே. அதுதானே இருக்கதுலயே பெஸ்ட்டு" என்றார் அவர். அவ்வளவுதான். அன்றைக்கு மாம்பழம் வாங்காமலே போனார்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் பைக் நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்துவிடும். லாரி கிளம்பியதும் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"அண்ணே, ஜனங்க கூடப் பாடுதாங்க, கூடப் பாடுதாங்கன்னு சொல்லுதீங்களே, அதுல பாதி ஸ்டுடியோவுல ஒட்டுனது. குரல் பிசிறடிச்ச எடமெல்லாம் பின்னால மறுபடி பாடிச் சேத்திருக்காங்க."

"ஒட்டுனத நீங்க பாத்தீங்களா? அந்தச் சத்தத்த எவனாலயும் ஒட்ட முடியாதுங்க தம்பி!"

"கடைசி ஆல்பத்தக் கேளுங்க. குரல் ஒடைஞ்சிருக்கு. ஸ்ருதிய எறக்கிப் பாடுதாரு. அத மறைக்காம அப்படியே வச்சிருக்காங்கல்லா, அதுதாண்ணே லைவு."

"தொண்ட கட்டுனவன் பாடறதக் கேக்கறதுக்கு நான் எதுக்குங்க காசு குடுத்து ஆல்பம் வாங்கோணும்? எங்க தோப்புக் காவல்காரனே பாடுவானுங்க!"

சொல்லிவிட்டு என் கணவர் பிளாஸ்டிக் பெட்டியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். முகம் சிவந்திருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம். பெண் பிள்ளை பிறந்தபோதுகூட அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் சொல்லத் தோன்றுகிறது. டீத் தட்டோடு நின்றிருந்த என்னை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மறைக்கப்போவதில்லை. சக்களத்தி மீசை வைத்துக்கொண்டு பைக்கில் வந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்தத் தம்பி நல்லவர், மரியாதையாக "அக்கா" என்பார், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் கிட்டார் வாசிக்கிறவர். அதெல்லாம் எரிச்சலை இன்னும் கூட்டியது. ஒரு குறையாவது இருக்கக்கூடாதா? அவர் வந்து உட்கார்ந்ததும் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று பொய் சொல்லி என் கணவரைத் தோப்புக்குள் அனுப்பியிருக்கிறேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுதம்மிணி" என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். என்னோடு பேச ஒரு நாளாவது அப்படி ஓடி வந்திருக்கிறாரா?

நடுவில் நானும் வாயைக் கொடுத்துப் பார்த்தேன். "ரெண்டுமே இல்லீங்க. முதல் ஆல்பத்துக்குப் பக்கத்துல வர முடியுமா?" என்றேன். "ஆமா, அது வேற லெவலு" என்று என் கணவர் தலையாட்டிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டார். விருந்தாளிக் குழந்தை கையில் பிஸ்கட் கொடுத்து விளையாட அனுப்புவார்களே, அப்படி. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் கணவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

என் ஆல்பத்தை உட்கார வைத்துக் கேட்க வைத்தால்தான் வழிக்கு வருவார்கள் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கோயில் முடிந்து வந்தார். சாப்பாடு ஆனதும் என் பழைய கேசட்டை எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டேன். என் கணவர், "இப்ப எதுக்கம்மிணி அது, போன்லயே கேட்டுக்கலாமே" என்று எழுந்தார். உடனே, "வேண்டாம், வேற எதாவது பேசலாம்" என்றார். நான் கேட்கவில்லை.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது விழுந்தது. நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். மூன்றாவது பாட்டு விழுந்ததும், "அக்கா, இதுல கைத்தட்டு எங்கக்கா?" என்றார்.

"கைத்தட்டுக்கெல்லாம் நிக்க மாட்டாங்க. அதுதான் இதுல விசேஷமே" என்றேன் பெருமையாக.

"இல்லக்கா, நிப்பாங்களே. இந்த எடத்துல அவரு ரொம்ப நேரம் பேசுவாரு. கிட்டாருக்குச் சுதி சேப்பாங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது கடையில பதிஞ்சதுதானே? எங்க பக்கமும் இதே கததான். ஆல்பம் நீளமா இருந்து நாடா பத்தலன்னா, கைத்தட்டு பேச்செல்லாம் வெட்டி எறிஞ்சிருவாங்க. எங்கப்பா வேதப்பாட்டு பதியக் குடுத்தா, ஜெபத்த வெட்டிட்டுப் பாட்ட மட்டும் தருவான் கடைக்காரன்."

இத்தனை வருஷம் நான் கொண்டாடிய திமிர் அந்தக் குழுவுடையது இல்லை. பொள்ளாச்சிக் கடைக்காரருடைய சிக்கனம். அதைவிடப் பெரிய அடி அடுத்த நொடியில் விழுந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தம்பியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, "அக்காகிட்ட முதல் ஆல்பத்தப் பத்திப் பேசக்கூடாதுன்னீங்க, மறந்துட்டேண்ணே" என்று முணுமுணுத்தார். ஆக இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். என்னைப் பற்றி, எனக்குத் தெரியாமல்.

தம்பி கிளம்பும்வரை பொறுத்திருந்தேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன்ல பாட்டெல்லாம் வர ஆரம்பிச்சப்பவே கேட்டனம்மிணி."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ அத்தன ஆசையாக் கேக்கறே. அதப் போயி எதுக்குக் கெடுக்கோணும்?"

"அந்தத் தம்பியோடதத் தொண்ட கட்டுனவன்னு சொன்னீங்களே. அது கெடுக்கறது இல்லையா?"

"அவரு தாங்குவாரு."

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தாங்குவார், நான் தாங்க மாட்டேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு முகத்துக்கு நேராகக் கத்தினேனே, அந்தப் பெண்ணை இவர் எங்கே வைத்தார்? நான் ஜெயித்தேன் என்று நினைத்த நாளெல்லாம் இவர் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சண்டையை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்து வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து காதில் போனை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன். வெட்டாத முதல் ஆல்பத்தைக் கேட்டேன். முதலில் பிடிக்கவில்லை. பாட்டுக்கு நடுவில் யாரோ இருமுகிறார்கள், கம்பியை முறுக்குகிறார்கள், பாடகர் ஏதோ சொல்லி அவரே சிரிக்கிறார். ஆனால் கேட்கக் கேட்க ஒன்று உறைத்தது. கைதட்டல் ரொம்பக் குறைச்சல். சின்ன இடம், சின்னக் கூட்டம். சிலர் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை அப்போது யாருக்கும் தெரியாது. கேட்க ஆளில்லாத இடத்தில், கொட்டகை நிறைந்த மாதிரி நினைத்துக்கொண்டு அப்படி வாசித்திருக்கிறார்கள். மரத்தடியில் நின்றுவிட்டேன். எனக்குப் பழைய காரணம் போய்விட்டது. அதைவிடப் பலமான காரணம் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்கு மூன்றாவது நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போனேன். தம்பி பதறி எழுந்து வாங்கி வைத்தார். நான் என் கணவரைப் பார்த்து ஆரம்பித்தேன்.

"முதல் ஆல்பத்துல கைத்தட்டு இருக்குதுங்க. ஆனா கொஞ்சந்தான். அத்தன கம்மி ஜனத்துக்கு அப்படி வாசிச்சாங்க. உங்க ரெண்டாவதுல மைதானமே பாடுது, உங்காளு சும்மா மைக்க நீட்டிட்டு நிக்கறாரு. ஜனம் சொமக்கற ஆல்பம்ங்க அது. வாசிக்கறவங்க சொமந்தது என்னுதுதான்."

அவர் வழக்கம்போல, "சரியம்மிணி" என்றார்.

"சரிங்காதீங்க. பதில் சொல்லுங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "மைக்க நீட்டறது சும்மான்னு யாரு சொன்னது?" என்று மெதுவாகத்தான் தொடங்கினார். நான் விடவில்லை. பாட முடியாதவன்தான் நீட்டுவான் என்றேன். குரல் ஏறியது. ஒட்டு வேலையைப் பற்றி வாத்தியார் சொன்னதையும் எடுத்துப் போட்டேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். "மூணாவது பாட்டுல டிரம்ஸக் கேட்டியா நீ? கேட்டியா? காதுல என்ன வெச்சிருந்தே?" என்று பெட்டியில் குத்தினார். பெட்டி கவிழ்ந்து காய் உருண்டது. நானும் எழுந்து நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

தம்பி குடும்பச் சண்டை என்று நினைத்துவிட்டார் போல. நடுவில் வந்து, "அண்ணே, விடுங்கண்ணே, அக்காகிட்டப் போய் இப்படிக் கத்துதீங்களே" என்றார்.

"தம்பி, நீங்க இதுல வராதீங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

வெளிச்சம் மங்கி ஷெட்டில் விளக்கைப் போட்டபோதுதான் தம்பியின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தோம். பைக் கிளம்பிய சத்தம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

"சொல்லிக்காமப் போயிட்டாரே. கோவமா இருக்குமோ? நாளைக்கு வருவாரா?" என்றார் என் கணவர் கவலையாக.

"அவரு தாங்குவாருங்க. நீங்க டிரம்ஸப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. உக்காருங்க" என்றேன்.