கோலியாத்தின் இரண்டு முழம் எங்கே போனது?

எனக்கு எழுத்துத் தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

இன்று கல்குடா பஸ்ஸில் எங்கள் புதிய போதகர் பக்கத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் தாவீது ராட்சதன் கோலியாத்தை வீழ்த்திய கதையை மனப்பாடமாகச் சொல்வது நான்தான். ஐம்பது வருடமாக ஒரு சொல் மாறியதில்லை.

போதகர் கேட்டார்: “ஐயா, கோலியாத்து எவ்வளவு உயரமெண்டு சொல்லப்போறீங்க?”

“ஆறு முழமும் ஒரு சாணும்.”

“கிடைச்ச எபிரேயச் சுருளுகளுக்குள்ள ஆகப் பழசில நாலு முழமும் ஒரு சாணும்தான் இருக்கு.”

“அப்ப ரெண்டு முழத்த ஆர் வெட்டின?”

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வலைக்கயிற்றில் நாலு முழமும் சாணும் அளந்து மருமகனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவனைவிட ஒரு சாண்தான் கூட. இதற்கா ஒரு படையே நடுங்கியது?

மருமகன் கேட்டான்: “மாமா, போன மாசம் நீங்க பிடிச்ச கொடுவா மீன் இண்டைக்கு எத்தின முழம்?”

அறுபது வருடம் வாவியில் வலை போட்டவன் நான். சொல்லச் சொல்ல நீண்ட மீன் உண்டு, குறுகிய மீனை நான் கண்டதில்லை.

இப்போது என் சந்தேகமெல்லாம் அந்த ஆறு முழத்தின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை எதைச் சொல்லட்டும்? மீன் பிடிக்கிறவர்கள் மட்டும் பதில் போடுங்கள்.