சதகுப்பைத் திருட்டும் சுடச்சுட பராத்தாவும்

எங்கள் ஃப்ளாட் வாசலில் நான் தொட்டியில் வளர்க்கும் சதகுப்பையை, அதாவது தில்லிக்காரர்களின் சோயா கீரையை, இந்தக் குளிர்காலம் முழுக்க யாரோ மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று எதிர் ஃப்ளாட் மாமி எங்களையெல்லாம் கூப்பிட்டு சோயா பராத்தா போட்டார்.

"எங்காத்து பால்கனில வளர்ந்தது. எவ்ளோ ஃப்ரெஷ் பாருங்கோ!"

பால்கனியில் துணிக்கொடி மட்டும்தான் இருந்தது.

"நல்லவேளை மாமி, உங்களோடது," என்றேன். "என் செடில ஒரே பூச்சி. நேத்துதான் மருந்தடிச்சேன்."

மாமியின் முகம் வெளுத்தது.

"அரே, யாரும் சாப்பிடாதீங்கோ! ஜல்தி, கீழ வைங்கோ!"

கூடம் மொத்தமும் மாமியையே பார்த்தது.

நான் மட்டும் இன்னொரு பராத்தா எடுத்துக்கொண்டேன். என் செடிக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் நான் தெளித்ததே இல்லை.

புதினா, கொத்தமல்லி பறிகொடுத்தவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். யோசனை இலவசம்.