எட்டு எம்.எம். ஓட்டை

கொல்லிமலை ஏரிக்கு நாங்கள் செய்த முதல் பயணிகள் படகு அது. வெள்ளோட்டத்துக்குப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போயிருந்தது. நான் கரையில் தனியாக நின்று சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கை ட்ரில்லை எடுத்தால் அதில் எட்டு எம்.எம். பிட் மாட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

என்ன என்று சொல்கிறேன். படகு வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டினவன் நான். லாரி பாடியில் பாக்ஸ் பைப் என்கிற சதுர இரும்புக் குழாய் வைத்தால் அதன் அடிப்பக்கம் ஓர் ஓட்டை போட்டே ஆக வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே தங்கினால் துரு தின்றுவிடும். யாரும் சொல்லாமலே கை அதைச் செய்துவிடும்.

படகுக்கு இரண்டு பக்கமும் நீளமான இரும்பு மிதவைகள், உள்ளே வெறும் காற்று. அடிவாரத்துப் பட்டறையில் செய்து, கொண்டை ஊசி வளைவுகளில் லாரியில் ஏற்றி வந்து, ஏரிக்கரையில் வைத்துக் குறுக்கே பாக்ஸ் பைப் கொடுத்து இணைத்தோம். பைப்பின் முனைகள் மிதவைக்குள் திறந்திருக்கும். வெல்டிங் முடித்துக் காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்தாயிற்று. அதற்குப் பிறகுதான், பெயின்ட் அடிக்குமுன், இந்த வீணாய்ப்போன கை முன் பைப்பின் இடதுபக்கம் ஓட்டை போட்டிருக்கிறது. ஆள் ஏறாதபோது அந்த ஓட்டை தண்ணீருக்கு நாலு விரற்கடை மேலே நிற்கும். ஆள் ஏறினால் தண்ணீருக்குள் போய்விடும்; பைப் வழியாக மிதவைக்குள் தண்ணீர் ஏறும்.

படகில் முதலாளி பாய் இருந்தார், படகைச் சோதித்து எழுதக் கீழேயிருந்து வந்த என்ஜினியர் அம்மா இருந்தார். மீதி மலைமேலுள்ள ஆலத்தூர் நாட்டு ஆட்கள். கூடவே என் மச்சினன் குமரேசன். அவனுக்கு நீச்சல் தெரியாது. இந்தத் தொழிலுக்கு அவனை இழுத்து வந்ததே நான்தான்.

உடனே பாய்க்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களே, ஒரு சுற்றுதானே, வந்துவிடுவார்கள், அப்புறம் நைசாக அடைத்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த அம்மா படகே வேண்டாம் என்று எழுதிவிட்டால்? இந்த வயசில் என்னை வேறு எவன் வேலைக்குச் சேர்ப்பான்? குமரேசன் தூரத்திலிருந்து கை ஆட்டினான். நானும் ஆட்டினேன். சீ, என்ன மனுஷன் நான்.

படகு இடதுபக்கம் சாய ஆரம்பித்தது. அப்போதுதான் போனை எடுத்தேன்.

"பாய், கரைக்குத் திருப்புங்க. பைப்புல நான் ஓட்டை போட்டுட்டனுங்க. தண்ணி ஏறுது."

போனிலேயே பாய் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. "யாரும் எந்திரிக்காதீங்க சாமி. உக்காந்த எடத்துலயே இருங்க."

படகு ஊர்ந்து வந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். எட்டுக்கை அம்மனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். கரையைத் தொட்டபோது இடது விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கும்வரை படகைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மிதவையில் ஏறிய தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்கும்போது பக்கத்தில் வந்து கேட்டார்.

"மணி, உனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"போன் போட்டனே, அப்பத்தானுங்க பாய்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஓட்டையை அடைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் வேலையும் போகவில்லை. மாமா மட்டும் போன் போடாவிட்டால் செத்திருப்போம் என்று குமரேசன் வீட்டில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளே, தப்பு செய்யாத கை கிடையாது. ஞாபகம் வந்த அந்த நொடியே வாயைத் திறந்துவிடுங்கள். படகு ஏரியைப் பாதி சுற்றும்வரை நான் தெரிந்தே சும்மா நின்றேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குமரேசன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.