மூடின பாதைக்குள் வந்த செவலைப் பசு

நாங்கள் பனியில் சிக்கின மூன்றாம் நாள் விடிந்ததும் என் மனைவி செலின் சொன்ன முதல் வார்த்தை இது:

"இஞ்சருங்கோ, நான் போனா என்னை இஞ்சை விட்டிட்டுப் போகாதேங்கோ. பலெர்மோவுக்குக் கொண்டு போங்கோ. பிள்ளையள் அங்கைதானே."

காருக்கு வெளியே முழங்காலளவு பனி. இரண்டு பக்கமும் சிவப்புக் கல்மலை, சுவர் கட்டினது போல. கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு வீடில்லை, ஒரு கம்பமில்லை. பெற்றோல் முடிந்துவிட்டது. அவளுடைய கை என் கைக்குள் மரக்கட்டை போலக் கிடந்தது.

அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவன் நான். வேறு ஒருவருமில்லை. எங்கள் செபக்கூட்டத்தில் சிலருக்கு இந்தக் கதை பாதி தெரியும். நான் வாயால் சொன்ன பாதி. அதில் நான் வீரன். மற்றப் பாதியை இன்றைக்கு எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் சவிரிமுத்து. இத்தாலியில், பலெர்மோவின் சீசாப் பகுதியில் சவிரியண்ணை என்றால் பஸ் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பலெர்மோவுக்கு வரும்போது கையில் ஒரு பை, மேலில் யாரோ தந்த கோட்டு. பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் ஆறு மாடிக் கட்டிடத்தின் படிகளை முழங்காலில் இருந்து துடைத்தேன். பிறகு அதே கட்டிடத்துக்கு நானே பொறுப்பாளனாக நின்றேன். இன்றைக்குச் சொந்த வீடு. மகள் ரெஜினா நேர்ஸ். விசாப் பேப்பர் பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் யாருக்குப் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத கடிதத்தைக்கூட, அதிகாரியின் முகத்தைப் பார்த்தே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

செலினின் தங்கை குடும்பம் அமெரிக்காவில், அரிசோனாவில் இருக்கிறது. எங்கள் நாற்பதாவது கலியாண வருஷத்துக்கு அங்கே போனோம். நத்தார் முடிந்து புது வருஷம் பிறந்த கிழமை. தங்கை வீட்டில் சில நாள் இருந்துவிட்டு, வாடகைக்கு ஒரு கார் எடுத்து, நானும் அவளும் மட்டும் அந்தப் பாலைவனத்து மலைப் பள்ளத்தாக்குகளைப் பார்க்க வெளிக்கிட்டோம்.

"அண்ணை, மாரிக்கு அந்தப் பக்கம் தனியப் போகாதேங்கோ. ஒரு கிழமை பொறுங்கோ, நான் லீவு எடுத்துக்கொண்டு வாறன்" என்று சகலன் கெஞ்சினார்.

"தம்பி, பலெர்மோவிலை வண்டி ஓடினவன் பரலோகத்திலையும் ஓடுவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். செலின் சிரிக்கவில்லை.

ரெஜினா போனில் அழாத குறையாகச் சொன்னாள். "பப்பா, உங்கடை பாட்டுக்குப் போகாதேங்கோ. ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடுங்கோ, விளங்கிச்சோ, கப்பீத்தோ?" நான் அதட்டினேன். அங்கே போன் எடுக்காது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒருவரும் எங்களைத் தேடக் கூடாது என்று கட்டளை போட்டேன். பிள்ளைகள் என் சொல்லைத் தட்டுவதில்லை. அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

முதல் நாள் நல்லாய்ப் போனது. இரண்டாம் நாள், புதன்கிழமை காலை, பெரிய றோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்தது. குறுக்கே மரத்தடை, அதில் ஒரு பலகை. செலின் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், இங்கிலீசு வாசிப்பாள்.

"பாதை மூடியிருக்காம்" என்றாள்.

"எங்கை மூடியிருக்கு? பார், மண் கல்லுப் போலை கிடக்கு. வேலை முடிஞ்சிருக்கும், தடையை எடுக்க மறந்திருப்பாங்கள்."

பலெர்மோவில் இருக்கிறவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஊரில் தடை போட்டிருந்தால் அது போன வருஷத்து வேலைக்குப் போட்டது. நாங்கள் இறங்கி, தள்ளிவைத்துவிட்டுப் போவோம். நான் அதைத்தான் செய்தேன். தள்ளினேன், காரை உள்ளே விட்டேன். பிறகு திரும்பி வந்து தடையை முன்னிருந்த இடத்திலேயே நேராக வைத்தேன். வேலையில் நான் எப்போதும் சுத்தம். பாருங்கள், கதவைத் திறந்தவனும் நான், பூட்டினவனும் நான். அந்தப் பாதைக்குள் மனிதர் போனதற்கு ஒரு அடையாளமும் வைக்கவில்லை.

காலையில் மண் குளிரில் இறுகியிருந்தது. இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடினேன். மத்தியானம் வெயில் பட்டதும் அந்தச் சிவப்புக் களி இளகிச் சவர்க்காரம் போல வழுக்கியது. ஒரு வளைவில் கார் பக்கவாட்டாகப் போய்ப் பள்ளத்தில் இருந்துவிட்டது. கல் போட்டேன், புதர் முறித்துப் போட்டேன், கார் விரிப்புகளையும் சில்லுக்குக் கீழே போட்டேன். மூன்று மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. போனில் சிக்னல் ஒரு கோடுமில்லை.

அப்போதுதான் முதல் தரம் செபம் பண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது செபமில்லை. "ஆண்டவரே, பெரிய வெள்ளிக்கு இருபது வருஷமாய்ச் சிலுவை சுமக்கிறவன் நான். கோயிலுக்குக் கதிரை எல்லாம் நான்தான் பிடிச்சுக் குடுத்தனான்" என்று சத்தமாய்ச் சொன்னேன்.

"ஆண்டவரோடையும் உங்கடை கதையோ?" என்று செலின் பின்சீற்றில் இருந்து கேட்டாள்.

அவளுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடுகிறவள். மருந்து உறைந்துவிடாமல் சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைத்திருந்தாள். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி மயங்கிவிடுவாள். எங்களிடம் இருந்த சாப்பாடு ஒரு பிஸ்கட் பெட்டி, நாலு தோடம்பழம், தங்கை குடும்பத்துக்கென்று பலெர்மோவிலிருந்து கொண்டுபோய், கொடுக்க மறந்து டிக்கியில் கிடந்த ஒரு பெரிய பனெத்தோனே. நத்தார் கேக். அவ்வளவுதான்.

அன்றிரவு மணிக்கு ஒரு தரம் எஞ்சினைப் போட்டுச் சூடாக்கினோம். வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் நடந்துபோய் உதவி கொண்டுவருகிறேன் என்று வெளிக்கிட்டேன். "வேண்டாம், என்னப்பா" என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனேன். ஒரு மணித்தியாலத்தில் பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. இடுப்பு வரைக்கும் ஒரு குழிக்குள் போய்விட்டேன். எழும்ப நெஞ்சு விடவில்லை. "ஆராவது இருக்கிறியளோ" என்று தமிழில் கத்தினேன், இத்தாலியனில் கத்தினேன். மலை என் குரலை எனக்கே திருப்பித் தந்தது. தவழ்ந்துதான் திரும்பி வந்தேன். செலின் என் சப்பாத்தைக் கழற்றி, என் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரம் எஞ்சின் நின்றது. தங்கைக்குக் கொடுக்க வைத்திருந்த மந்திரித்த மெழுகுதிரியை வெறும் பிஸ்கட் தகரத்துக்குள் கொளுத்தி வைத்து, இரண்டு பேரும் அதற்கு மேல் குனிந்துகொண்டு இருந்தோம். செபமாலை சொன்னோம். பாதியில் அவளுடைய நாக்குக் குழறியது. "அருள் நிறைந்த" என்று தொடங்கி விட்டுவிடுவாள். நான் பனெத்தோனேயைப் பிய்த்து வாயில் வைப்பேன். சிறிது நேரத்தில் திரும்ப வருவாள். அந்தக் கேக்தான் அவளுடைய உயிர் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை அவள் தன்னைப் பலெர்மோவுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். மேலே எழுதினேனே. பனெத்தோனேயில் ஒரு கைப்பிடித் துண்டுதான் மிச்சம். ஞாயிறு வரைக்கும் ஒருவரும் தேடமாட்டார்கள். தேடினாலும் மூடின பாதைக்குள் யார் பார்ப்பார்கள்?

நான் காருக்கு வெளியே போய்ப் பனியில் முழங்காலில் நின்றேன். சிலுவை சுமந்ததும் கதிரையும் ஞாபகம் வரவில்லை. "நான்தான் பிழை விட்டனான். அவளைத் தண்டியாதேயும்" என்றேன். அழுதேன். அப்பா செத்தபோதும் அழாதவன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், காருக்குப் பின்னால் ஒரு மாடு நிற்கிறது.

செவலைப் பசு. முதுகில் பனி. காதில் மஞ்சள் அட்டை. கார்க் கண்ணாடியை நக்கிக்கொண்டு நின்றது. எனக்கு ஆத்திரம் வந்தது. மனிதரைக் கேட்டேன், ஆண்டவர் மாட்டை அனுப்புகிறாரா என்று. "சூ! போ!" என்று கையை ஓங்கினேன்.

கண்ணாடி இறங்கியது. "உங்களுக்கென்ன விசரே?" செலினின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "காதிலை அட்டை இருக்கு. மாடு இருந்தா மாட்டுக்காரர் இருப்பினம். அதை விடாதேங்கோ. பிடிச்சுக் கட்டுங்கோ."

"என்னத்தைக் காட்டிப் பிடிக்கிறது? புல்லிருக்கே இஞ்சை?"

அவள் மடியிலிருந்த பனெத்தோனேத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"அது உன்ரை உசிரடி" என்றேன். "தரமாட்டன்."

"என்ரை உசிரைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ. தடையடியிலையும் கேட்டிருந்தா இஞ்சை வந்திருக்கமாட்டம். இதைத் திண்டா நான் பின்னேரம் வரைக்கும் இருப்பன். பிறகு?"

கையை நீட்டி வாங்கினேன். நாற்பது வருஷத்தில் அவள் சொல்லி நான் மறுபேச்சில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

நாங்கள் சூட்கேசைக் கயிறு போட்டுக் கட்டாமல் பிளேன் ஏறுவதில்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய வெட்கம். அந்த நைலோன் கயிற்றை அவிழ்த்தேன். கேக்கைக் கையில் வைத்து நீட்டினேன். மாடு மணந்து பார்த்தது, ஒரு அடி வந்தது, நின்றது. கடைசி முந்திரிகை வற்றல் வரைக்கும் அது நக்கி முடிப்பதற்குள் கயிற்றைக் கழுத்தில் போட்டுக் கார்க் கதவில் கட்டிவிட்டேன்.

கட்டினதுதான் தாமதம், மாடு கத்தத் தொடங்கியது. நிறுத்தாமல் கத்தியது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒருவரும் வரவில்லை. செலின் கண்ணை மூடிவிட்டாள். "செலின்" என்றால் உதடு மட்டும் அசையும். பிறகு அதுவும் இல்லை. வேர்த்திருந்தாள், அந்தக் குளிரில். அவளுடைய சாப்பாட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் கையாலேயே கொடுத்தேன். கடைசித் தோடம்பழத் தோலைப் பிழிந்து நாக்கில் விட்டேன். மாடு கத்துகிறது, நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துகிறேன். யாராவது பார்த்திருந்தால் எது மாடு என்று கேட்டிருப்பார்கள்.

ஒரு மணியிருக்கும். எஞ்சின் சத்தம் கேட்டது.

சில்லுகளில் சங்கிலி சுற்றின பழைய பிக்கப் ஒன்று பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலிருந்து வந்தது. இறங்கினது ஒரு பெண். அந்த மண்ணின் ஆதிக்குடி மனுசி, என் வயது இருக்கும், ஆண்களின் தொப்பி போட்டிருந்தாள். அவள் எங்களைத் தேடி வரவில்லை. கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாட்டைக் காட்டி இங்கிலீசில் ஏதோ கேட்டாள். என் மாட்டை ஏன் கட்டியிருக்கிறாய் என்று கேட்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. களவெடுத்தவன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு வந்த இங்கிலீசு ஒரு சொல். "வைஃப்! வைஃப்!" என்று காருக்குள்ளே காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் வண்டியிலிருந்து சோடாப் போத்தல் எடுத்து, செலினின் தலையைத் தூக்கி, சொட்டுச் சொட்டாகப் பருக்கினாள். தன் கம்பளியால் சுற்றினாள். கால் மணித்தியாலத்தில் செலின் கண் திறந்து, முன்னே இருந்த புதுமுகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "மாடு நிக்குதோ?"

வழியில் வண்டிக்குள் செலின்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். அந்த மனுசி இரண்டு நாளாக அந்தப் பசுவைத் தேடியிருக்கிறாள். மேலேயுள்ள மேட்டில் தேடிவிட்டு வீட்டுக்குத் திரும்பப் போகும்போது அதன் குரல் கேட்டிருக்கிறது. தாயில்லாமல் போத்தல் பால் கொடுத்து வளர்த்த மாடாம். "பாண் துண்டைக் காட்டினால் எந்தக் கள்ளனோடும் போய்விடும்" என்று சிரித்தாளாம். நான் இரண்டு நாள் கத்தினேன், என் குரலை அறிந்தவர் அங்கே இல்லை. அதன் குரலை அறிந்த ஒருத்தி இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் செலின் நாலு நாள் இருந்தாள். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். என் இடது காலில் இரண்டு விரல் இப்போதும் உணர்ச்சியில்லை. ரெஜினா போனில் என்னை ஏசினாள், இத்தாலியனில், முழுப் பலெர்மோப் பெண் போல. முதல் தரமாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

சகோதரங்களே, நான் இப்போதும் சொல்வேன், பலெர்மோவில் என்னைப் போல வண்டி ஓட்டுகிற தமிழன் இல்லை. ஆனால் ஆண்டவருக்கு முன்னால் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். முன்பு செபக்கூட்டத்தில் என் சத்தம்தான் பெரிது. இப்போது செலின் முதலில் செபிக்கிறாள், நான் "ஆமென்" சொல்கிறேன். குவெஸ்தூராவுக்கு யாரையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அவளும் வருகிறாள். அவள் வாசிக்கிறாள், நான் அதிகாரியின் முகத்தைப் பார்க்கிறேன். இரண்டும் தேவைதான்.

வழியில்லை என்று இருக்கிறவர் யாராவது இதை வாசித்தால், உங்கள் கெட்டித்தனத்தை எடுத்துச் சொல்லாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வந்து நிற்பது எதுவானாலும் கையை ஓங்காதீர்கள். நான் ஓங்கினவன். அப்படியிருந்தும் அது போகாமல் நின்றதே, அதுதான் இரக்கம். தனியே செபிக்க முடியாவிட்டால் சீசாவில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கீழே வாசல் மணி வேலை செய்யாது, திருத்துகிறேன் என்று சொல்லியே ஒரு வருஷம். றோட்டில் நின்று சத்தமாய்க் கூப்பிடுங்கள். என் காது இப்போது மந்தம். செலினுக்குக் கேட்கும்.