மச்சானின் வெள்ளைக் காலுறைகள்

அந்த வெள்ளைக் காலுறைகளை நான் முதன்முதல் பார்த்தது, இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டுக்குத் திரும்பிய வாரம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிய மச்சான், காலுறைகளைக் கழற்றாமலே உள்ளே வந்தார். பள்ளிப் பிள்ளைகள் போடுகிற மாதிரிப் புதுச் சோடி. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவர்; கலியாண வீட்டுக்கே ரப்பர் செருப்போடு வருகிற மனிதர். "என்ன மச்சான், ஸ்கூலுக்கு வெளிக்கிட்டீரோ?" என்றேன். பத்திரிகையில் பகிடி எழுதுகிறவனுக்கு மூளைக்கு முன் வாய் திறந்துவிடும். அவர் சிரித்துவிட்டு, கதவோரக் கதிரையில், என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தார்.

மச்சான் என் மனைவியின் தம்பி. எனக்குள் வேலை செய்கிற சிறுநீரகம் அவருடையது. நான் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே தந்துவிட்டார். அது போதாதென்று, அது எனக்குள் ஒத்துப்போக வேண்டுமென அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்தார்: செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்து கோயில்வரை வெறுங்காலில் நடப்பது. நானோ திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்கிற இனம். அவருடைய சுத்தத்தைப் பற்றி எனக்குள் ஒரு சந்தேகம் எப்போதும் நன்றியோடு சேர்ந்தே குடியிருந்தது.

ஒப்பரேஷன் முடிந்து சில மாதங்களில் எனக்கு வயிற்றோட்டம், இருமல், வயிற்றுத் தோலில் நெளிநெளியாகச் சிவப்புக் கோடுகள். மறுபடியும் ஆஸ்பத்திரி. சளியிலும் மலத்திலும் புழு என்றார்கள். மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறுகிற, நூலைவிட மெல்லிய புழு. மற்றவர்களுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க என்னைப் போன்றவர்கள் குடிக்கிற குளிசைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் பெருகி, நுரையீரல்வரை போய், ஆளையே கொண்டுபோய்விடும். டொக்டர் கட்டிலருகில் நின்று, "வெறுங்காலோட நடக்கிற பழக்கம் இருக்கா? சிலவேளை கிட்னி தந்தவரிட்ட இருந்தும் வரலாம்" என்றார்.

என்னைப் பார்க்க வந்து கட்டிலடியில் நின்ற மச்சானின் கால்களைப் பார்த்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. செருப்பைத் தாண்டியும் குதிக்கால் வெடிப்புகளில் தார்க் கறுப்பு தெரிந்தது. பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார்.

மருந்து கேட்டது, பிழைத்தேன். இதற்கிடையில், ஒப்பரேஷனுக்கு முன் எடுத்து வைத்திருந்த எங்கள் இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்திருந்தார்கள். மச்சானுடையது சுத்தம். புழுவின் அடையாளம் என்னுடையதில் அப்போதே இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வாழைத் தோட்டத்துச் சேற்றில் நின்ற பெடியனின் காலில் ஏறி, உள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, என்னோடு சோதனை எழுதி, கொழும்புக்கு வந்து, கலியாணமும் கட்டி, வெள்ளவத்தையில் பிளாட்டும் வாங்கியிருக்கிறது.

தெரிந்த அன்றே சொன்னேன். "மச்சான், அது என்ர புழு. உம்மட இரத்தம் சுத்தமாம்."

"விடுங்க அத்தான். என்னைச் சமாளிக்கத்தானே சொல்றீங்க."

"பகிடி இல்லையப்பா. டொக்டர் சொன்னவர்."

"டொக்டரும் நல்ல மனுசன்."

மனைவி சொல்லிப் பார்த்தாள். "அத்தான் சொல்லித் தந்ததைத்தானே சொல்றாய், அக்கா" என்றார். வருடக்கணக்காக நான் எழுதிய பகிடிகளை வாசித்தவர். என் வாயிலிருந்து வருவது எதையும் அப்படியே எடுக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். என் முகம் ஒருமுறைதான் பகிடி இல்லாமல் இருந்தது. அதை அவர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்.

நேர்த்தியை இப்போது சப்பாத்தோடு நடக்கிறார். அந்தோனியார் கோபிக்க மாட்டாராம். போன செவ்வாயும் கோயிலிலிருந்து நேரே வந்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எல்லோருக்கும் வியர்த்தது.

"அந்தக் காலுறையைக் கழட்டும், மச்சான்."

"பரவாயில்ல அத்தான். குளிரா இருக்கு."

அவர் கால்களைப் பார்க்கக்கூடாதென்று என் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் கவனித்துவிட்டார் போலும். பழுப்பேறிய காலுறைகள் இரண்டும் மெல்லக் கதிரைக்கு அடியில் போயின.